ஒலிவாங்கி ஏன் ஊமையாயிற்று?

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியின் முன் அமர்ந்து பேசுகிறீர்கள். பேச்சைப் பதிவு செய்து காதணிக் கருவியில் கேட்டால் குரல் நன்றாகவே இருக்கிறது. ஆனால், இணையவழியே நண்பரை அழைத்துப் பேசினால், "ஒன்றும் கேட்கவில்லையே!" என்கிறார். இணையவழி நேர்காணலின்போது இவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும்? பெரும்பாலோர் மைக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். புதிதாக வாங்கிய மைக்கும் சில வேளை அதே போல ஊமையாகிவிடுவதுண்டு! நல்ல நிலையில் உள்ள மைக் எவ்வாறு ஊமையாகும்? இதை அறிய, குரல் செல்லும் வழியை முதலில் பார்ப்போம்.

நாம் பேசும்போது காற்றில் எழும் அதிர்வு, மைக்கினுள் உள்ள மெல்லிய தகட்டை அசைக்கிறது. அந்த அசைவு மின்னழுத்த மாற்றமாகிறது. ஒலி அட்டை எனப்படும் சுற்று, அந்த மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. இசைத்தட்டு எனப்படும் சி.டி.யின் தரத்தில் இது நொடிக்கு 44,100 முறை. இந்த எண்களை வாங்கித் தருவது லினக்ஸின் உட்கருவில் உள்ள 'ஆல்சா' என்னும் பகுதி. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 முதல் இது உட்கருவின் அங்கமாக உள்ளது. ஆல்சாவிடமிருந்து எண்களை வாங்கிப் பல நிரல்களுக்கும் பங்கிட்டுத் தரும் வேலையைப் பல ஆண்டுகள் 'பல்ஸ்ஆடியோ' செய்துவந்தது. 2021-இல் ஃபெடோரா 34-இலும், 2022-இல் உபுண்டு 22.10-இலும் அந்த இடத்தை 'பைப்வயர்' பிடித்துக்கொண்டது.

வாய்க்காலுக்கு மடைகள் இருப்பதுபோல் இவ்வழியில் பல மடைகள் உள்ளன. எந்த ஒன்று மூடியிருந்தாலும் குரல் போய்ச் சேராது. ஆகவே முதலில் மடைகளைப் பார்த்துவிட வேண்டும். டெர்மினலைத் திறந்து 'ஆல்சாமிக்சர்' என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றித் தட்டுங்கள். எஃப்6 விசையை அழுத்தி உங்கள் ஒலி அட்டையைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு பட்டைதான் தெரியும். அதைப் பார்த்து ஏமாறுவோர் பலர். பிறகு எஃப்4 விசையை அழுத்தினால் பதிவுக்கான பட்டைகள் தோன்றும். பட்டை தாழ்ந்திருந்தால் உயர்த்துங்கள். பதிவு நிறுத்தப்பட்டிருந்தால் ஸ்பேஸ் விசை அதை இயக்கும். பிரவுசர் மைக்குக்கு அனுமதி கேட்டபோது அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால், அதுவும் மூடிய மடைதான்.

எல்லாம் திறந்திருந்தும் நண்பருக்குக் கேட்கவில்லை என்றால்தான் நம் கதை சூடுபிடிக்கிறது.

ஒலி அட்டை பெரும்பாலும் இடது, வலது என்று இரண்டு தடங்களில் எண்களை எழுதுகிறது. இவற்றையே சேனல்கள் என்கிறோம். காதணிக் கருவியில் இடத் தடம் இடக் காதுக்கும், வலத் தடம் வலக் காதுக்கும் செல்கிறது. ஆனால் இணையவழிப் பேச்சுக்கு இரண்டு தடம் எதற்கு? நமக்கு இருப்பது ஒரு வாய்தானே! ஆகவே அத்தகைய நிரல்கள் பெரும்பாலும் இரு தடங்களின் எண்களையும் கூட்டி, இரண்டால் வகுத்து, ஒரே தடமாக்கி அனுப்புகின்றன.

இப்போது இடத் தடத்தில் அடுத்தடுத்து 3, 7, 2, -5 என்ற எண்கள் வருவதாகக் கொள்வோம். வலத் தடத்திலும் அவையே வந்தால் சராசரியும் 3, 7, 2, -5 தான். குரல் அப்படியே போகும். வலத் தடத்தில் -3, -7, -2, 5 என்று வந்தால்? கூட்டிப் பாருங்கள். எல்லாம் பூச்சியம்! ஒரு தடத்தில் அலையின் மேடு இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கிறது. மேடு பள்ளத்தை நிரப்பிவிட, நண்பருக்குச் செல்வது வெறும் அமைதி. காதணிக் கருவியில் மட்டும் இரு தடங்களும் தனித்தனிக் காதுக்குச் செல்வதால் அவை ஒன்றையொன்று அழிப்பதில்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்று சற்றுக் குழப்பமாகத் தோன்றும், அவ்வளவுதான்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். 'ஆடாசிட்டி' என்னும் இலவச நிரலில் ஒரே தடத்தில் சிறிது நேரம் பேசிப் பதிவு செய்யுங்கள். அத்தடத்தைப் பிரதி எடுத்து, பிரதிக்கு மட்டும் 'இன்வெர்ட்' என்னும் கட்டளையைக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்தால் எதுவும் கேட்காது. ஒன்றை நிறுத்தியதும் குரல் திரும்பிவிடும். முதல் முறை பார்க்கும் எவருக்கும் இது மாயவித்தை போலவே இருக்கும்.

வலத் தடம் ஏன் தலைகீழாக வேண்டும்? இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேடைகளில் பயன்படும் நல்ல மைக்குகளின் கம்பியில், குரல் ஓர் இழையில் நேராகவும் மற்றோர் இழையில் தலைகீழாகவும் செல்லும். வழியில் புகும் மின் இரைச்சலோ இரண்டு இழைகளிலும் ஒரே மாதிரியாகப் பதியும். மறுமுனையில் உள்ள கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அழிந்து, குரல் இரட்டிப்பாகிறது. அருமையான ஏற்பாடு! அதே கம்பியைத் தகுந்த கருவியின்றி, இரு தடம் ஏற்கும் சாதாரணத் துளையில் சொருகினால் கழித்தலுக்குப் பதில் கூட்டல் நடக்கிறது. குரலைக் காக்க வந்த முறையே குரலை விழுங்கிவிடுகிறது. சில மடிக்கணினிகளில் உள்ளே பொருத்திய மைக்கின் ஒரு தடமும் தலைகீழாக வருவதுண்டு. அவற்றுக்காக லினக்ஸின் உட்கருவிலேயே தனித் திருத்தம் சேர்த்திருக்கிறார்கள்.

உங்கள் கணிப்பொறியில் இக்குறை இருக்கிறதா என்று காண, ஆடாசிட்டியில் இரு தடப் பதிவாகச் சில சொற்கள் பேசுங்கள். அலைகளை நன்கு பெரிதாக்கிப் பாருங்கள். மேல்கோட்டின் மேட்டுக்கு நேர்கீழே பள்ளம் இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. மருந்து எளிது: ஒரு தடத்தை மூடிவிட வேண்டும். ஆல்சாமிக்சரில் பதிவுப் பட்டையில் நின்றுகொண்டு சி விசையை அழுத்த அழுத்த வலத் தடம் மட்டும் இறங்கும். அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். 3-உடன் 0-வைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.5 அல்லவா? குரல் முன்பிருக்க வேண்டிய அளவில் பாதியாகத்தான் போகும். ஆகவே க்யூ விசையால் இடத் தடத்தைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். விசைகளோடு போராட விரும்பாதவர்கள் 'பாவுகண்ட்ரோல்' என்னும் நிரலில் உள்ளீட்டுப் பக்கத்துக்குச் சென்று, இரு தடங்களையும் பிணைத்திருக்கும் பூட்டுப் படத்தை அழுத்தி விடுவித்தபின் வலத் தடத்தை இறக்கலாம்.

ஆடாசிட்டியில் இரு கோடுகளும் மேடோ பள்ளமோ இன்றி நேர்க்கோடாகவே கிடந்தால், அது இந்த நோய் அன்று. மடைகளைச் சரிபார்த்த பின்னும் கோடு அசையாவிட்டால், கம்பியையும் சொருகியையும் பாருங்கள். மைக்கை வேறொரு கணிப்பொறியில் பொருத்திப் பார்த்து, அங்கும் கோடு அசையவில்லை என்றால் மட்டும் கடைக்குச் செல்லுங்கள்.