பேரேட்டில் ஏறாத வியாபாரம்

சரக்கு எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்ய நாம் பேரேட்டைத்தான் புரட்டுகிறோம். போன மாதம் விற்றதைப் பார்த்து இந்த மாதத்துக்கு ஆர்டர் கொடுக்கிறோம். எங்கள் மண்டியிலும் பல வருடம் அப்படித்தான் செய்தோம். அதிலுள்ள குறை தாமதமாகவே புரிந்தது. மதியமே பருப்பு தீர்ந்துவிட்டால், மாலையில் கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பியது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத இந்தத் தேவையை அளக்க ஒரு வழி உண்டு. 1946-இல் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித அறிஞர், நோயிலிருந்து தேறிவந்தபோது தனியாகச் சீட்டு ஆடினார். ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்குப் போட்டு அறிவதைவிட, பலமுறை ஆடி எண்ணுவது சுலபம் என்று கண்டார். சூதாட்ட நகரின் பெயரால் அது 'மான்டி கார்லோ முறை' ஆயிற்று. 1989-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடன், மக்களின் தேர்வுகளை மதிப்பிட இதைப் பயன்படுத்தும் வழியை வகுத்தார். மக்களின் தேர்வு பற்றிய ஆய்வுகளுக்காக 2000-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்.

சாரம் இதுதான். தெரியாததை ஊகியுங்கள். அந்த ஊகப்படி காகிதத்தில் கடை நடத்துங்கள். வரும் கணக்கை நிஜப் பேரேட்டோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும்வரை ஊகத்தை மாற்றுங்கள்.

ஓர் உதாரணம். தினம் காலை இருப்பு 10 மூட்டை. 30 நாளில் விற்றது 270 மூட்டை. சரக்கு முழுதும் தீர்ந்த நாட்கள் 15.

முதல் ஊகம்: தினத் தேவை 6 முதல் 11 மூட்டை. ஆறு சீட்டில் இந்த எண்களை எழுதி டப்பாவில் குலுக்கி, ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டு மறுபடி உள்ளே போடுங்கள். 10-க்கு மேல் வந்தாலும் விற்பனை 10 தான்; இருப்பு அவ்வளவுதானே! 300 தடவை எடுத்துப் பத்தால் வகுத்தால் ஒரு மாதக் கணக்கு: விற்பனை சுமார் 250, தீர்ந்த நாள் சுமார் 10. பேரேட்டோடு பொருந்தவில்லை.

அடுத்த ஊகம்: 7 முதல் 12. இப்போது விற்பனை சுமார் 270, தீர்ந்த நாள் சுமார் 15. பொருந்திவிட்டது. ஆக, உண்மையான தேவை மாதம் 285 மூட்டை. 15 மூட்டை வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறது.

அதே சீட்டுகளை வைத்து மேலும் பார்க்கலாம். இருப்பை 11 ஆக்கினால் விற்பனை 280 ஆகும். 12 ஆக்கினால் 285. பதினோராவது மூட்டை மாதம் 10 மூட்டை வியாபாரத்தை மீட்கிறது; பன்னிரண்டாவது 5 மட்டுமே. அதில் முடங்கும் முதலுக்கு வட்டி கட்டுமா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

எச்சரிக்கை இரண்டு. மொத்த விற்பனை மட்டும் பொருந்தினால் போதாது, தீர்ந்த நாளும் பொருந்த வேண்டும். பண்டிகை மாதக் கணக்கைச் சாதாரண மாதத்தோடு கலக்கக் கூடாது.

இதற்கெல்லாம் முதல் தேவை ஒன்றுதான்: சரக்கு தீர்ந்த நாளை இன்று முதல் ஏட்டில் குறித்து வையுங்கள்.