குற்றப்புனைவு நாவல்களில் தொடரும் தொகையும்: கோவை எழுத்தாளர் ராஜேஷ்குமாரை முன்வைத்து ஒரு வாசிப்பு நெறி

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் குற்றப்புனைவு நாவல்கள் பெருந்தொகையாக வெளிவந்துள்ளன. எனினும், ஒரு துப்பறிவாளரை மையமாகக் கொண்ட நாவல் வரிசையைப் புதிதாகத் தேடிப் படிக்க விரும்பும் வாசகருக்கோ, அதனை ஆராய விரும்பும் ஆய்வாளருக்கோ வழிகாட்டும் அடைவு தேவைப்படுகிறது. இவ்வரிசைகளைத் ‘தொடர்’ எனக் கருதுவதைவிடத் தண்டியலங்காரம் கூறும் ‘தொகைநிலை’ எனக் கொள்வதே அவற்றின் இயல்புக்குப் பொருந்தும் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அவ்வடிப்படையில் ஒரு தொகையடைவின் அமைப்பையும் முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: குற்றப்புனைவு, மாத நாவல், தொகைநிலை, ராஜேஷ்குமார், கொங்கு நாடு, நூலடைவு.

1. முன்னுரை

கொங்கு நாட்டுப் புனைகதை என்றவுடன் ஆய்வுலகம் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) தொடங்கிப் பெருமாள்முருகன் வரையிலான ஒரு மரபையே சுட்டுகிறது. வேளாண் வாழ்வும் வட்டாரப் பேச்சும் இம்மரபின் அடையாளங்கள். இதே நிலப்பகுதியில், கோயம்புத்தூரில் 1947-இல் பிறந்து அங்கிருந்தே எழுதிவரும் ராஜேஷ்குமாரின் நாவல்கள் 1500-க்கும் மேற்பட்டவை. எண்ணிக்கையாலும் வாசகர் பரப்பாலும் கொங்கு நாட்டின் மிகப் பெரிய புனைகதைத் திரட்டு இது எனலாம். ஆயினும் ‘கொங்கு இலக்கியம்’ என்னும் தலைப்பில் அமையும் ஆய்வுகளில் இத்திரட்டு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இதற்குத் தரம் பற்றிய கருத்து மட்டுமே காரணம் அன்று. அணுகுவழி இன்மையும் காரணமாகும். 1500 நாவல்களை வாரத்திற்கு ஒன்று வீதம் படித்தாலும் ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். எங்கிருந்து தொடங்குவது, எவற்றைச் சேர்த்துப் படிப்பது, எவற்றைக் கொண்டு முடிவு கூறுவது என்னும் வினாக்கள் பொது வாசகருக்கும் ஆய்வாளருக்கும் பொதுவானவை. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாவல்களின் இலக்கியத் தரத்தை மதிப்பிடுவது இதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

2. ‘தொடர்’ என்னும் சொல்லின் மூன்று பயன்பாடுகள்

குற்றப்புனைவு பற்றிய பேச்சில் ‘தொடர்’ என்னும் சொல் மூன்று வெவ்வேறு அமைப்புகளைக் குறிக்கிறது. முதலாவது, வார இதழில் பகுதி பகுதியாக வெளிவரும் தொடர்கதை. சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ 1968-இல் குமுதம் இதழில் வெளிவந்தது இவ்வகையில்தான். இரண்டாவது, ஒரே துப்பறிவாளர் பல கதைகளில் மீண்டும் தோன்றும் பாத்திரத் தொடர். மூன்றாவது, மாதந்தோறும் ஒரே பெயர்ப் பலகையின்கீழ் ஒரு முழு நாவலை வெளியிடும் வெளியீட்டுத் தொடர். ராணி முத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்து வழங்குவதால் குழப்பம் நேர்கிறது. ஒரு நாவல் முதலில் தொடர்கதையாக வந்து, பின்னர் மாத நாவலாகி, பின்னர் நூல் வடிவம் பெறலாம். அதே நாவல் ஒரு பாத்திர வரிசையிலும் உறுப்பாக இருக்கலாம். ‘இத்தொடரில் இது எத்தனையாவது நாவல்’ என்று கேட்டால், எந்தத் தொடரைப் பற்றிய வினா என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது.

3. தண்டியலங்காரத்தின் நால்வகைப் பாகுபாடு

செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது தண்டியலங்காரம். தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். பல செய்யுள்கள் ஒரு வினை கொண்டு முடிவது குளகம். ஒருவரோ பலரோ பாடிய செய்யுள்களை ஓர் அடிப்படை பற்றித் திரட்டுவது தொகைநிலை. பொருளாலோ சொல்லாலோ ஒன்றையொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை. செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை உரைநடைப் புனைவின்மேல் அப்படியே ஏற்றுவது பொருந்தாது. ஆயினும் தனிப்படைப்புக்கும் திரட்டுக்கும் உள்ள உறவை விளக்கும் கருவியாக அதனைக் கொள்ளலாம்.

அவ்வாறு நோக்கின், ஓர் இதழுக்குள் தொடங்கி அங்கேயே முடியும் மாத நாவல் முத்தகத்தை ஒத்தது. வார இதழ்த் தொடர்கதை தொடர்நிலையை ஒத்தது. ஒரு வாரத்தின் இறுதிக் காட்சி மறுவாரத்தின் முதற்காட்சியாக அமைவதில் சொற்றொடர்நிலையாகிய அந்தாதியின் இயல்பைக் காணலாம். ராஜேஷ்குமாரின் நாவல்கள் பலவற்றில், தொடர்பற்றவை போலத் தோன்றும் இரு கதைத்தடங்கள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் நடந்து இறுதியில் ஒரு நிகழ்வில் கூடுகின்றன. தனித்தனியே முற்றுப்பெறாத பகுதிகள் ஒரு முடிவினால் முற்றுப்பெறும் இவ்வமைப்பைக் குளகத்தோடு ஒப்பிடலாம்.

எஞ்சுவது தொகைநிலை. பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு ஆகியவற்றைத் தொகுப்பின் அடிப்படைகளாகத் தண்டி மரபு கொள்கிறது. புறநானூறு பொருளாலும், களவழி நாற்பது இடத்தாலும், கார் நாற்பது காலத்தாலும், குறுந்தொகை அளவாலும் தொகையாயின என்பது உரை மரபு. தொகைநூலில் முதற்பாடலைப் படித்த பின்னரே அடுத்த பாடலைப் படிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துப்பறிவாளர் வரிசைகளின் அமைப்பும் பெரும்பாலும் இத்தகையதே.

4. துப்பறிவாளர் வரிசைகள்: ஒரு பார்வை

தமிழ்த் துப்பறியும் நாவலின் தொடக்கக் காலத்திலேயே, மீண்டும் மீண்டும் தோன்றும் துப்பறிவாளரைக் காண்கிறோம். ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல்களில் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் புனைவில் திகம்பர சாமியாரும் வாசகர் நினைவில் நின்றனர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ என்னும் பெயரிலேயே 1950-இல் திரைப்படம் எடுத்தது. நாவலின் தலைப்பைவிடப் பாத்திரத்தின் பெயர் வலுப்பெற்றதற்கு இது சான்றாகும்.

பின்னர் தேவனின் துப்பறியும் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா என வரிசைகள் பெருகின. தனியொருவராகிய துப்பறிவாளர் இடத்தில் இணை ஒன்று வந்து அமைந்தது இவ்வளர்ச்சியில் குறிப்பிடத்தக்கது. சாம்புவின் வெற்றி தற்செயலால் நேர்வது. சங்கர்லாலின் வெற்றி அறிவால் விளைவது. இணைகளின் காலத்தில் துப்பறிதல் உரையாடல் வழி நிகழ்கிறது. ஒருவர் வினவ மற்றவர் விளக்கும்போது வாசகருக்குத் தேவையான செய்தி இயல்பாக வந்து சேர்கிறது.

இவ்வரிசைகளுள் கணேஷ்–வசந்த் வரிசை ஓரளவு தொடர்நிலைச் சாயல் உடையது. ‘நைலான் கயிறு’ நாவலில் வசந்த் இல்லை. பின்னரே கணேஷின் இளைய வழக்கறிஞனாக வந்து சேர்கிறான். எனவே இவ்வரிசையை வெளியீட்டு முறைப்படி படிப்பவர் ஓர் உறவின் வளர்ச்சியைக் காண்பார். விவேக்–ரூபலா நாவல்களில் வழக்கே முதன்மை பெறுகிறது. துப்பறிவாளரின் வாழ்க்கை வரலாறு பின்னணியாக மட்டும் நிற்கிறது. அவ்வரிசையில் எந்த நாவலையும் முதல் நாவலாகக் கொள்ளலாம். பேருந்து நிலையக் கடையில் அம்மாத இதழை வாங்கும் வாசகருக்கு முந்தைய இதழ் கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. ஆகவே ஒவ்வொரு நாவலும் புதிய வாசகரை எதிர்பார்த்தே எழுதப்பட வேண்டியிருந்தது. விற்பனை முறை கதையமைப்பைத் தீர்மானித்ததற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

5. கோவையும் மாத நாவலும்

ராஜேஷ்குமாரின் எழுத்துவாழ்வு 1960-களின் இறுதியில் சிறுகதைகளோடு தொடங்கியது. மாத நாவல் வடிவம் செல்வாக்குப் பெற்ற 1980-களில் அது பெருகியது. மாதம் ஒரு நாவல் என்னும் கணக்கில் 1500 நாவல்கள் எழுத 125 ஆண்டுகள் வேண்டும். ஒரே காலத்தில் பல இதழ்களுக்கு எழுதியமையாலேயே இவ்வெண்ணிக்கை வாய்த்தது. சென்னையின் பதிப்புலகிற்குக் கோவையிலிருந்து கையெழுத்துப்படி சென்றுகொண்டே இருந்தது என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் தனியே ஆராயத்தக்க செய்தி.

அவர் நாவல்களின் கதை கூறும் மொழி பொதுத்தமிழாகும். வட்டார வழக்கை அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வில் அவை கொங்கு எழுத்தாக எண்ணப்படாமைக்கு இதுவே முதன்மைக் காரணம். ஆனால் கொங்கு நாடு வயலும் தோட்டமும் மட்டும் அன்று. 1888-இல் நிறுவப்பட்ட முதல் நூற்பாலையும், 1930-களில் கிடைத்த பைக்காரா மின்னாற்றலும் உருவாக்கிய தொழில்நகரமும் கொங்கு நாடே. ஆலை, மருத்துவமனை, ஆய்வுக்கூடம், வணிக நிறுவனம் ஆகியவை நிறைந்த நகர வாழ்வின் அச்சங்கள் எவ்வகைப் புனைவில் பதிவாயின என்று வினவினால், குற்றப்புனைவைத் தவிர்த்து விடை கூறுவது அரிது. ‘ஏழாவது டெஸ்ட் டியூப்’ எனத் தம் தொடக்கச் சிறுகதை ஒன்றிற்கு அவர் இட்ட தலைப்பே அறிவியற்கூடம் நோக்கிய அவரது ஈடுபாட்டைச் சுட்டும்.

6. பட்டியலில் மறையும் தலைப்புகள்

மாத நாவல் உள்ளடக்கத்தால் நூல். வெளியீட்டு முறையால் இதழ். இதழ்ப் பெயரின்கீழ் மட்டும் பதிவு செய்யும் பட்டியலில் நாவலின் தலைப்பு தனிப்பதிவு பெறுவதில்லை. ஆசிரியர் பெயரால் தேடினாலும் பாத்திரப் பெயரால் தேடினாலும் அந்நாவல் வாசகருக்குப் புலப்படாது. மறுபதிப்புகள் இச்சிக்கலை மிகுவிக்கின்றன. கையில் உள்ள இதழின் ஆண்டு நாவல் முதலில் வெளிவந்த ஆண்டாக இருக்கவேண்டும் என்பதில்லை.

தாளின் தன்மையும் கவனத்திற்குரியது. மலிவு விலை கருதி மட்டரகத் தாளில் அச்சிடப்பட்ட இதழ்கள் பழுத்து நொறுங்குகின்றன. படித்தபின் எடைக்குப் போடப்படும் பொருளாகவே அவை வீடுகளில் கருதப்பட்டன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேகரிப்பு ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் தோன்றி, 1994-இல் நிறுவன வடிவம் பெற்று, வெகுசன நூல்களையும் ஆய்வுக்குரியனவாக ஆக்கியது. கொங்குப் பகுதியின் வாடகை நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் தனியார் வீடுகளிலும் உள்ள மாத நாவல்களுக்கு அத்தகைய ஏற்பாடு தேவை. காலம் தாழ்ந்தால் அடைவு செய்வதற்கு நாவல்கள் இருக்கமாட்டா.

7. தொகையடைவு: ஒரு முன்மொழிவு

தண்டி கூறும் தொகை அடிப்படைகளைத் தழுவிப் பின்வரும் பதிவுக்கூறுகளை இக்கட்டுரை முன்வைக்கிறது.

(அ) தலைப்பும் ஆசிரியரும்: மறுபதிப்பில் தலைப்பு மாறியிருப்பின் இரண்டும் பதிவு பெறவேண்டும்.
(ஆ) வெளியீடு: இதழ்ப் பெயர், மாதம், ஆண்டு, முதற்பதிப்பா மறுபதிப்பா என்னும் குறிப்பு.
(இ) பாத்திரம்: துப்பறிவாளர், துணைவர்; வரிசை சாராத தனி நாவலாயின் அக்குறிப்பு.
(ஈ) இடம்: கதை நிகழும் ஊர்.
(உ) பொருள்: குற்றத்தின் வகை, அதன் நோக்கம்.
(ஊ) தொழில்: கதைமாந்தரின் தொழிற்சூழல்.
(எ) அமைப்பு: ஒற்றைத்தடமா, இரட்டைத்தடமா.
(ஏ) அளவு: பக்கம், அத்தியாயம்.
(ஐ) இருப்பிடம்: படி கிடைக்கும் நூலகம்.

இவ்வடைவு வாசகருக்கும் ஆய்வாளருக்கும் ஒருசேரப் பயன்படும். விவேக்–ரூபலா வரிசையைப் படித்து முடித்தவர் ‘இணைத் துப்பறிவாளர்’ என்னும் கூற்றின்வழி பரத்–சுசீலாவையோ நரேந்திரன்–வைஜெயந்தியையோ அடையலாம். இரட்டைத்தட அமைப்பை விரும்புபவர் அவ்வமைப்பின்வழி வேறு ஆசிரியரைக் கண்டடையலாம். கோவையைக் களமாகக் கொண்ட நாவல்களைத் தேடும் ஆய்வாளர் ‘இடம்’ என்னும் கூற்றின்வழி செல்லலாம். எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் காலத்தைக் காப்பதை வலியுறுத்துவது. அவ்விதி வெகுசன நாவலின் வாசகருக்கும் உரியதே.

ஒரே வாய்பாட்டில் அமைந்த நாவல்களுக்கு இத்தனை விரிவான அடைவு வேண்டுமா என்னும் தடை எழலாம். வாய்பாடு உண்டு என்பதும் நிறுவப்பட வேண்டிய ஒரு கூற்றே. 1500 நாவல்களுள் 15-ஐப் படித்தவர் அத்திரட்டில் நூற்றில் ஒரு பங்கையே கண்டவர் ஆவார். அப்பதினைந்தும் எம்முறையில் தெரிவு செய்யப்பட்டன என்று கூற இயலாதவிடத்து முடிவின் வலிமை மேலும் குறைகிறது. வாய்பாட்டை ஏற்பவருக்கும் மறுப்பவருக்கும் அடைவு தேவைப்படுகிறது.

8. முடிவுரை

தமிழ்க் குற்றப்புனைவில் பாத்திர வரிசைகள் பெரும்பாலும் தொகைநிலை இயல்பின. கணேஷ்–வசந்த் போன்ற சில வரிசைகளே தொடர்நிலைச் சாயல் கொண்டவை. எனவே வாசகருக்கு வேண்டுவது வரிசை எண் அன்று, தொகுப்பின் அடிப்படை. வட்டார வழக்கை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல் எழுதப்பட்ட இடத்தையும் நகரச் சூழலையும் கருதினால், ராஜேஷ்குமாரின் நாவல்கள் கொங்கு இலக்கிய ஆய்வின் எல்லைக்குள் வரும்.

கொங்குப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் முதுகலை மாணவரின் திட்டக் கட்டுரையாக ஆளுக்கு 25 நாவல்களைப் பதிவு செய்யுமாறு பணித்தால், 60 மாணவர்களின் உழைப்பில் 1500 பதிவுகள் கிடைக்கும். ஒரே துறையில் ஓராண்டில் இயலாவிடினும், சில துறைகள் இணைந்தால் சில ஆண்டுகளில் இது நிறைவேறத்தக்கது. அத்தகைய அடைவு உருவானபின், இக்கட்டுரை கூறும் தொகைநிலைக் கருத்தும் முழுத் திரட்டின்மேல் வைத்துச் சோதிக்கப்பட வேண்டும்.