சூடேறும் கணிப்பொறியும் சங்கத்தின் கடமையும்



1904ஆம் ஆண்டில் நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்ட காலத்தில், ஒரு கிராமச் சங்கத்தின் தளவாடங்கள் பெரும்பாலும் ஒரு மரப்பெட்டியோடும் சில பேரேடுகளோடும் முடிந்துவிட்டன. பேரேட்டுக்குக் கரையானும் மழைநீருமே பகையாக இருந்தன. இன்று நிலைமை வேறு. தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்திற்கு 2022 ஜூன் 29ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்களுக்காக 2,516 கோடி ரூபாய் அத்திட்டத்திற்கு வகுக்கப்பட்டது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், ஜவுளி விற்பனை ஆகியவை கணிப்பொறியில் ஏற்றப்படுகின்றன. ஆகவே கணிப்பொறி நின்றால் சங்கத்தின் கையும் நிற்கிறது. அது நிற்பதற்குரிய காரணங்களுள் நம் கடற்கரையில் அடிக்கடி காணப்படுவது அதன் உள்ளே மிகும் வெப்பம். அதன் காரணத்தை முறையாகத் தேடி அறிவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

ஒரு சங்கத்தில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன், புரட்டாசிக் கடைசியில், உப்பளங்களை அடுத்த ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். முதல் மழை பெய்திருந்தது. மானாவாரி நிலத்தில் உளுந்தும் கம்பும் விதைக்க வேண்டியவர்கள் பயிர்க்கடனுக்காக வேப்பமரத்தடியில் காத்திருந்தனர். கணிப்பொறியோ இயக்கிய இருபது நிமிடங்களில் தானே நின்றது. மீண்டும் இயக்கினால் பத்து நிமிடம். அதற்குப்பின் ஐந்தே நிமிடம். "பெட்டிக்குக் காய்ச்சல் வந்தால் மழை காத்திருக்குமா, ஐயா?" என்று முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

பழுது பார்ப்பவர் ஒருவர் முந்தைய நாள் வந்து, பெட்டியைத் திறவாமலே, மதர்போர்டு கெட்டுவிட்டது என்று கூறிச் சென்றிருந்தார். 40,000 ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புதிய பொறி வாங்கும் தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் இருந்தது. அந்தத் தீர்மானத்தை ஒரு நாள் ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். செயலாளர் அம்மையாரும், அங்கத்தினர் ஒருவரின் மகனான பாலிடெக்னிக் படித்த இளைஞரும், நானும் காரணத்தைத் தேடலானோம். நாங்கள் கண்டதைக் கூறுமுன், வெப்பம் ஏன் உண்டாகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

வெப்பம் பிறப்பதும் வெளியேறுவதும்

கணிப்பொறியின் கணக்குகளையெல்லாம் செய்வது பிராசசர் என்னும் சில்லு. அலுவலகப் பொறிகளில் இது வேலை மிகுந்த நேரத்தில் ஏறத்தாழ 65 வாட் மின்சாரம் கொள்ளும். அம்மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பின் வெப்பத்தைக் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் அடக்கினால் எவ்வாறிருக்குமோ அவ்வாறே இதுவும்.

இவ்வெப்பம் வெளியேற ஒரு வழி அமைத்திருக்கிறார்கள். சில்லின் மேல் மெல்லியதாக ஒரு பசை. அதற்கு மேல் ஹீட் சிங்க் எனப்படும் அலுமினியத் தகடுகளின் கட்டு. அதன் மேல் சிறிய காற்றாடி. பின்னர்ப் பெட்டியின் துளைகள். அதற்கப்பால் அறையின் காற்று. பசை எதற்கு என்று சிலர் வினவலாம். இரு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாயினும் இடையில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவற்றில் காற்று தங்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது. அலுமினியம் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு விரைவாகக் கடத்தும். பசை அப்பள்ளங்களை நிரப்பிக் காற்றை விலக்குகிறது.

இவ்வழியில் எங்கேனும் அடைப்பு ஏற்பட்டால் வெப்பம் சில்லிலேயே தங்கும். பெரும்பாலான பிராசசர்கள் 95 முதல் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்பொழுது கணிப்பொறி நத்தைபோல் ஊரும். அதற்கும் மேல் சென்றால் சில்லு கருகிவிடாதபடி பொறி தானே நின்றுவிடும். முத்துக்குளிப்புக் காலத்தில் நம் கடலில் மூழ்கியவர் மூச்சு முட்டும் முன் கயிற்றை அசைப்பார். தோணியில் கயிறு பிடித்து நிற்பவர் உடனே அவரை மேலே இழுப்பார். பொறி தானே நிற்பதும் அத்தகைய குறிப்பே. மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவது, கயிறு அசைந்த பின்பும் இழுக்காமல் நிற்பதற்கு ஒப்பாகும்.

நம் கடற்கரையின் தனிக் குறை

தூத்துக்குடியில் உப்புத் துகள் காற்றோடு வருகிறது. ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்று புழுதியைக் கிளப்புகிறது. நெசவுக்கூடங்களில் பஞ்சுத் தூசி பறக்கிறது. பஞ்சு தகடுகளிடையே வலைபோல் படிய, அதில் புழுதி தங்கி மெத்தையாகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே நீர்த்துவிடும். கார்த்திகையில் உப்பு மூட்டை கசிவதை நாம் காண்கிறோம் அல்லவா? அவ்வாறு நீர்த்த உப்பு தூசியைப் பிசினாக்குகிறது. செம்பில் பச்சைக் களிம்பையும் அலுமினியத்தில் வெண்பொடியையும் உண்டாக்குகிறது. ஆகவே உள்நாட்டு ஊர்களைவிட நமக்குத் துப்புரவு அதிகம் வேண்டும்.

காரணம் தேடும் ஒழுங்கு

தறியில் நாடா தடைப்பட்டால் நெசவாளர் புதுத் தறி வாங்க ஓடுவதில்லை. இழையைப் பார்க்கிறார், விழுதைப் பார்க்கிறார், பின்னரே மரத்தைப் பார்க்கிறார். இங்கும் அதே ஒழுங்கு வேண்டும். வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கிச் செல்ல வேண்டும். ஒரே வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதன் பயனை எழுதிக்கொண்ட பின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

முதற்படி: நோய் வெப்பந்தானா என்று உறுதி செய்தல். பெட்டி நின்றபோது திரையும் சேர்ந்து அணைந்து யு.பி.எஸ்.ஸும் ஓய்ந்திருந்தால் குறை மின்சாரத்தில் இருக்கலாம். பெட்டி மட்டும் நின்று, அரைமணி ஓய்வுக்குப்பின் நெடுநேரம் ஓடினால் வெப்பத்தை ஐயுறலாம். பொறியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பயாஸ் என்னும் திரை தோன்றும். பல பொறிகளில் பிராசசரின் வெப்பநிலை அதில் காணப்படும். வெறுமனே இருக்கும்போதே 80 பாகையைத் தாண்டினால் வெப்பமே நோய்.

இரண்டாம் படி: கணக்குகளுக்குப் படி எடுத்தல். பெட்டியில் மட்டுமே உள்ள பட்டியல்களையும் கடிதங்களையும் தனி நினைவகத்தில் படியெடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். பொறி போனால் வேறு வாங்கலாம். அங்கத்தினரின் கணக்கை வாங்க இயலாது.

மூன்றாம் படி: பெட்டி இருக்கும் இடம். சுவரோடு ஒட்டியோ மேசை அறைக்குள் அடைத்தோ வைத்திருந்தால், பெட்டி தான் வெளிவிட்ட சூட்டையே மீண்டும் உள்ளிழுக்கும். பின்புறம் ஒரு சாண் இடைவெளி வேண்டும். தரையிலிருந்து சற்று உயர்த்தியும், கடற்காற்று நேரே வீசும் சன்னலுக்கு விலக்கியும் வைக்க வேண்டும்.

நான்காம் படி: பொறி செய்யும் வேலை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸ் பொறியில் எந்த வேலை எத்தனை சதவீதம் சக்தியைக் கொள்கிறது என்பது தெரியும். யாரும் வேலை செய்யாதபோதும் 90, 100 சதவீதம் காட்டினால், வேண்டாத நிரலோ வைரஸோ உள்ளே இருக்கலாம், அதை நீக்கவேண்டும்.

ஐந்தாம் படி: தூசி நீக்குதல். உத்தரவாதக் காலம் முடியாத பொறியாயின் முத்திரையை உடைக்காமல் வழங்கியவருக்கு எழுதவேண்டும். மற்றவற்றில் மின்கம்பியை முற்றிலும் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டபின் திறக்கவேண்டும். காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மயிர்த் தூரிகையாலும் புளோயராலும் தகடுகளிடையே உள்ள தூசியை வெளியேற்ற வேண்டும். பிடிக்காவிட்டால் காற்றாடி மிகையாகச் சுழன்று கெடும். வாயால் ஊதலாகாது; ஈரம் படியும். ஈரத்துணியும் ஆகாது. மீண்டும் இயக்கிக் காற்றாடி தடையின்றிச் சுழல்கிறதா என்று கவனிக்க வேண்டும். தயங்கிச் சுழன்றால் அதை மட்டும் மாற்றலாம்.

ஆறாம் படி: பசை. சில ஆண்டுகளில் பசை உலர்ந்து சுண்ணாம்புபோல் ஆகும். இது பழகிய கைக்குரிய வேலை. பொறியைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றியபின், ஹீட் சிங்கை மெல்லத் திருப்பி எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பெயரலாம். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதுப்பசை நடுவில் வைத்தால் போதும். பொருத்தும்போது எதிரெதிர் மூலைகளை மாறிமாறி அழுத்தவேண்டும். ஒரு மூலை தூக்கியிருந்தாலும் உழைப்பெல்லாம் வீண்.

இவ்வளவும் செய்த பின்பும் வெப்பம் தணியாவிட்டால்தான் பெரிய பழுதைப் பற்றி எண்ண வேண்டும்.

நாங்கள் கண்ட விடை

அச்சங்கத்தில் பயாஸ் முதலில் 86 பாகை காட்டியது. பெட்டி மேசையின் கதவுள்ள அறைக்குள் இருந்தது. வெளியே எடுத்து வைத்தவுடன் 79 ஆயிற்று. திறந்து பார்த்தால், தகடுகளுக்கும் காற்றாடிக்கும் இடையே கம்பளித் துண்டுபோல் ஒரு படலம். அதை நீக்கியபின் 58. பிற்பகலே கடன் மனுக்கள் பதிவாயின. மாலைக்குள் மரத்தடி காலியாயிற்று. மறுநாள் நகரிலிருந்து பசை வாங்கிவந்து இட்டபின் 49. மொத்தச் செலவு சில நூறு ரூபாய். புதிய பொறி வாங்கும் தீர்மானம் கைவிடப்பட்டது.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, தளவாடப் பதிவேட்டில் "கணிப்பொறி 1" என்று எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நானே. பொருள் இருக்கிறதா என்று பார்த்தேன். எவ்வாறு இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. விதைப்பு ஈரத்தில் அங்கத்தினர்கள் இழந்த ஒன்றரை நாளில் என் பங்கும் உண்டு.

இனிச் செய்ய வேண்டியவை

மேல்காற்று ஓய்ந்த ஆவணியிலும், மழை ஓய்ந்த தையிலும் ஆண்டுக்கு இருமுறை பெட்டியைத் துப்புரவு செய்யலாம். நெசவுக்கூடத்தை ஒட்டிய அலுவலகங்களில் மும்மாதத்திற்கு ஒருமுறை வேண்டும். நாள், வெப்பநிலை, செய்த வேலை ஆகியவற்றை ஒரு சிறு ஏட்டில் குறிக்கலாம். செயலாளர் மாறினாலும் ஏடு பேசும். சில சங்கங்களில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை வீசவிடுகின்றனர். ஒருநாள் அவசரத்திற்கு அது உதவும். வழக்கமாக்கினால் நம் கடற்கரையில் உப்பையும் புழுதியையும் நாமே உள்ளே அழைப்பதாகும்.

சிக்கனம் என்பது வாங்காமல் இருப்பது மட்டுமன்று. வாங்கியதைப் பேணுவதும் ஆகும். சங்கத்தின் பொறி செயலாளருடையதன்று, ஆய்வாளருடையதும் அன்று. அது பங்கு செலுத்திய ஒவ்வோர் அங்கத்தினருடையது. ஆகவே அதன் நலத்தை விசாரிக்கும் உரிமையும் கடமையும் அங்கத்தினர்க்கு உண்டு.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நமது சங்கத்தின் கணிப்பொறி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அதன் பின்புறம் ஒரு சாண் இடைவெளி உண்டா?

2. அது கடைசியாக எப்போது திறந்து துப்புரவு செய்யப்பட்டது? அதற்குப் பதிவு உள்ளதா?

3. இன்றே பொறி நின்றுவிட்டால், நம் கணக்குகளின் படி வேறெங்கே இருக்கிறது?