தோள் வலிக்குத் தோள்பட்டை எலும்புப் பயிற்சிகள்: புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

பரணிலிருந்து பாத்திரம் எடுக்கக் கையை உயர்த்தும்போது தோளில் சுரீர் என்கிறது. தலை வாரும்போதும், சட்டை மாட்டும்போதும், கொடியில் துணி காயப்போடும்போதும் அதே இடம்தான். வலிக்கிற இடத்தில் தைலம் தேய்க்கிறோம், ஒத்தடம் கொடுக்கிறோம். ஆனால் இந்த வகை வலியில் முதலில் கவனிக்க வேண்டிய எலும்பு முதுகுப்பக்கம் இருக்கிறது. கண்ணாடியில் தெரியாத இடம் என்பதால் அது யார் நினைவுக்கும் வருவதில்லை.

கையை உயர்த்தும்போது வலிக்கிற தோளுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்பட்டது. தோளில் வேறு வகை வலிகளும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது எப்படி என்பதும் கீழே இருக்கிறது.

## அந்த எலும்பு செய்கிற வேலை

தோள்பட்டை எலும்பு முக்கோண வடிவத் தட்டை எலும்பு. மேல் முதுகில் 2ஆவது விலா முதல் 7ஆவது விலா வரை படர்ந்திருக்கிறது. விலா எலும்புகளோடு அதற்கு மூட்டு கிடையாது. காறை எலும்பின் நுனியோடும் மேற்கை எலும்போடும் மட்டும் அது மூட்டாக இணைகிறது. மற்றபடி அதை நிறுத்துவதும் நகர்த்துவதும் அதில் பற்றியிருக்கும் 17 தசைகள்தான். தசைகள் சோர்ந்தாலோ, ஒன்று அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இழுத்தாலோ, எலும்பு நகரும் விதம் மாறிவிடும்.

கையைத் தலைக்கு மேல் முழுதாக உயர்த்தும்போது அது ஏறத்தாழ 180 பாகை சுழல்கிறது. அதில் சுமார் 120 பாகைதான் தோள் மூட்டிலிருந்து வருகிறது. மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு மேல்நோக்கித் திரும்புவதால் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கு ஒன்று கணக்கை 1944-இல் இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகிய மூவர் விளக்கி எழுதினார்கள். ஆளுக்கு ஆள் அளவு சற்று மாறினாலும் அடிப்படை அதுதான்.

தோளின் மேற்கூரை போன்ற எலும்பு முனைக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். கையைத் தூக்கும் தசைநார் ஒன்று அதன் வழியாகத்தான் போகிறது. அது நசுங்குவதே வலிக்குக் காரணம் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. அந்தத் தசைநாரே பளு தாங்க முடியாமல் நலிந்திருப்பதும் பெரிய காரணம் என்று இப்போது பார்க்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் முதல் சிகிச்சை பயிற்சிதான்.

## படி 1: தொடங்குமுன் சோதியுங்கள்

இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை, மூட்டு வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது, விரல்கள் மரத்துப் போகின்றன, உடல் எடை காரணமின்றிக் குறைகிறது என்றாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே பயிற்சி.

இன்னொரு சோதனையும் முக்கியம். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். நல்ல கை போகிற தூரத்தில் பாதிகூடப் போகவில்லை, வேறொருவர் பிடித்து மெல்லத் திருப்பினாலும் நகரவில்லை என்றால், தோள் மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. அதற்கான சிகிச்சை வேறு. கீழே உள்ள பயிற்சிகளை அதன்மேல் திணிக்க வேண்டாம்.

## படி 2: எலும்பை உணருங்கள்

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வீட்டில் ஒருவரை உங்கள் தோள்பட்டை எலும்பின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். தோள்களை மெல்ல மேலே, பின்னே, கீழே, முன்னே என்று நகர்த்துங்கள். வலிக்கிற பக்கம் எங்கே தயங்குகிறது என்பது அந்தக் கைக்குத் தெரியும், சில நாளில் உங்களுக்கும் தெரிந்துவிடும். தினமும் இரண்டு வேளை, வேளைக்கு 10 முறை போதும்.

## படி 3: பின்னால் இழுங்கள்

கைகளைத் தொங்கவிட்டபடி இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகெலும்பை நோக்கி இழுத்து 5 நொடி நிறுத்தி விடுங்கள். தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. இடுப்பை முன்னே வளைக்கக்கூடாது. பாதி பலத்தோடு இழுத்தால் போதும். 10 முறை செய்யுங்கள்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். “நெஞ்சை நிமிர்த்து, தோளைப் பின்னே வை” என்ற அறிவுரையை நாள் முழுக்கக் கடைப்பிடிக்கவும் பார்க்கிறார்கள். இது தவறான இடத்தில் உழைப்பது என்றே நினைக்கிறேன். கை உயர வேண்டுமானால் எலும்பு விலாவைச் சுற்றி வெளிப்பக்கமாகவும் மேல்நோக்கியும் போக வேண்டும். அதைப் பின்னாலேயே இறுக்கிப் பிடித்திருந்தால் கைக்கு வழி எங்கே?

## படி 4: சுவரைத் தள்ளுங்கள்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். விலாக்களின் பக்கவாட்டில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் போய்ப் பற்றுகிற செரட்டஸ் என்ற தசை ரம்பப் பல் போல இருக்கும். எலும்பைச் சுழற்றி மேலே அனுப்புவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அது தளர்ந்தால் கழுத்தோரத் தசை அந்த வேலையைச் சேர்த்துச் செய்யப் பார்க்கும். அதனால்தான் பலருக்குத் தோள் வலியோடு கழுத்தும் இறுகுகிறது.

சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். உள்ளங்கைகளைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் ஊன்றுங்கள். முழங்கை நேராகவே இருக்கட்டும். இப்போது முழங்கையை மடக்காமல் நெஞ்சை மட்டும் சுவரை நோக்கி இறங்க விடுங்கள். முதுகில் இரண்டு எலும்புகளும் நெருங்கும். பிறகு சுவரைத் தள்ளி, மேல் முதுகைச் சுவரிலிருந்து அகற்றுங்கள், எலும்புகள் விலகும். மொத்த அசைவே சில சென்டிமீட்டர்தான். தள்ளிய நிலையில் 3 நொடி நிறுத்துங்கள். 10 முறை, இரண்டு சுற்று.

அக்குளுக்குக் கீழே, விலாப் பக்கம் லேசான களைப்பு தெரிந்தால் சரியான தசை உழைக்கிறது. கழுத்து இறுகினால் தோள் மேலே ஏறியிருக்கிறது. கைகளை இன்னும் சற்றுக் கீழே வைத்துப் பாருங்கள். 15 முறை சிரமமின்றி வந்தபின் சமையல் மேடையில் கை ஊன்றிச் செய்யலாம். அதற்கும் பிறகு தரையில் முழங்காலிட்டு. அவசரம் வேண்டாம், சுவரிலேயே மூன்று வாரம் நின்றாலும் நல்லது.

## படி 5: சுவரில் ஏற்றுங்கள்

இரு முன்கைகளையும் சுண்டுவிரல் பக்கம் சுவரில் படும்படி வையுங்கள். சுவரை மெல்ல அழுத்தியபடியே கைகளை மேலே வழுக்கிக் கொண்டு போங்கள். சுவர் சொரசொரப்பாக இருந்தால் கைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டை வையுங்கள். வலி கூடத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி இறங்குங்கள். 8 முதல் 10 முறை.

## படி 6: குப்புறப் படுத்துத் தூக்குங்கள்

கட்டிலின் ஓரத்தில் குப்புறப் படுத்து, வலிக்கிற கையைக் கீழே தொங்கவிடுங்கள். கட்டை விரல் கூரையைப் பார்க்க, கையைப் பக்கவாட்டில் உடல் மட்டம் வரை தூக்கி இறக்குங்கள். கையின் கனமே போதுமான பளு. இது எளிதானபின் கையைத் தலைப்பக்கமாகச் சாய்த்துத் தூக்கலாம். அது கடினமான நிலை. வலித்தால் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டைக் கட்டி, முழங்கையை விலாவோடு உரசியபடி பின்னே இழுப்பதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்கலாம்.

## எவ்வளவு வலி சரி?

வலியைப் பத்துக்கு மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது மூன்று, நான்கு வரை பொறுக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். படி 2, 3 தினமும். 4 முதல் 6 வரை வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசை பலம் பெற 6 முதல் 12 வாரம் பிடிக்கும். முதல் வாரத்திலேயே பலன் தேடுகிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள்.

12 வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால், அல்லது இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது என்றால், பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். போகும்போது எந்தப் படி வரை வந்தீர்கள், எந்த அசைவில் வலி கூடுகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். அவர் எங்கிருந்து தொடங்குவது என்பதை அது சுலபமாக்கும்.