புது மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது...

கண்ணாடித் தொட்டி, கலர் கல், மோட்டார், பாலித்தீன் பையில் பத்து மீன் என்று சென்னையில் கொளத்தூர் பக்கம் போய் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவந்து, அன்று சாயங்காலமே மீனையும் விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. மூன்று நாலு நாளில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். "எல்லாத்தையும் கொட்டிட்டு, தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி ஊத்து" என்று வீட்டில் ஒரு குரல் எழும். அப்படியே செய்வார்கள். மறுநாள் இரண்டு மீன் மிதக்கும்; பழி கடைக்காரர் தலையில் விழும். அந்த முதல் ஒன்றரை மாதத்தைத் தாண்ட உதவும் குறிப்புகள் இவை.

1. முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மீன் தன் கழிவில் பெரும்பகுதியை செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். இதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தொந்தரவு தராத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை பாக்டீரியா. பழைய தொட்டியில் இரண்டும் குடியிருக்கும். புதுத் தொட்டியில் இருக்காது. தானாக வந்து பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அந்த வேலையை நாம்தான், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றிச் செய்ய வேண்டும்.

2. "புதுத் தொட்டியில் ஒரு மாசத்துக்குத் தண்ணியைத் தொடாதீங்க" என்று சிலர் சொல்வார்கள். மீனே இல்லாமல் தொட்டியைப் பழக்கினால் அது சரி. உள்ளே மீன் இருந்தால், விஷத்திலேயே ஊறிக்கிட என்று விட்டுவிடுவதாகிவிடும். தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அவை தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வழவழப்பைத் தேய்த்துக் கழுவுவதுதான் கேடு.

3. எவ்வளவு மாற்றுவது? வீடுகளில் அதிகம் இருப்பது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. அதில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 60 x 30 x 25, ஆயிரத்தால் வகுத்தால் 45 லிட்டர். கல்லும் பொம்மையும் அடைத்துக்கொள்ளும் இடம் போக இன்னும் குறையும். இந்தத் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது சுமாராக நாலரை லிட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு. கண்ணாடியின் வெளிப்பக்கம், தண்ணீர் மட்டத்திலிருந்து ஓர் அங்குலம் கீழே ஒரு துண்டு டேப்பும், இரண்டு அங்குலம் கீழே இன்னொன்றும் ஒட்டிவிடுங்கள். முதல் ஒன்றரை மாதம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இந்த இரண்டு டேப்புக்கும் நடுவில் நிறுத்தினால் போதும். பிறகு வாரம் ஒருமுறை, இரண்டாவது டேப்பையோ அதற்குச் சற்றுக் கீழேயோ தொடலாம்.

4. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நமக்குப் பாதுகாப்பு, மீனின் செவுளுக்கும் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் எமன். வாய் அகன்ற வாளியில் பிடித்து, மூடாமல், ஒரு நாள் முழுக்க வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். காற்று மோட்டாரின் குழாயை அதில் போட்டுவைத்தால் இன்னும் சீக்கிரம். அவசரத்துக்கு ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து மீன் கடையிலேயே கிடைக்கும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி, வாளித் தண்ணீரில் கலந்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். சிங்கப்பூர் மாதிரி குளோரமின் கலந்து விநியோகிக்கும் ஊர்களில் இருப்பவர்களுக்கு, வாளியில் வைத்துக் காத்திருக்கும் வித்தை பலிக்காது. அதற்கென்று உள்ள மருந்தே வேண்டும்.

5. அபார்ட்மென்ட்வாசிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளிலும் அடுத்த ஓரிரு நாளிலும் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்காதீர்கள். எப்போது கழுவினார்கள் என்று வாட்ச்மேனைக் கேட்டாலே தெரியும். லாரித் தண்ணீர் இறங்கிய அன்றும் இதே ஜாக்கிரதை. வாளியில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். நீச்சல்குள வாடை அடித்தால் அன்றைக்கு வேண்டாம்.

6. போர் தண்ணீரில் குளோரின் இல்லை, அதனால் நேரே ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நிலத்தடியிலிருந்து அப்போதே ஏறிவந்த தண்ணீரில் பிராணவாயு குறைவாகவும் கரியமிலவாயு அதிகமாகவும் இருக்கும். ராத்திரி முழுக்க வாளியில் காற்று மோட்டார் ஓடினால் இரண்டும் சமனாகும். உப்பு அதிகமான போர் தண்ணீர் என்றால் மோலி, கப்பி, பிளாட்டி போன்றவை தாங்கும்; டெட்ரா வகைகள் திணறும். தண்ணீரின் தன்மையை மாற்றப் பாடுபடுவதைவிட, அந்தத் தண்ணீரில் வாழும் மீனை வாங்குவது புத்திசாலித்தனம்.

7. கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மட்டும் ஊற்றி வளர்க்காதீர்கள். தாது உப்பு அதில் மிகக் குறைவு. மீனுக்கும் அது வேண்டும். தண்ணீரின் அமிலத்தன்மை திடீரென்று ஏறாமல் பிடித்துவைப்பதும் அந்த உப்பில் ஒரு பகுதிதான். ரொம்பக் கடினமான போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். ஆனால் இன்றைக்குக் கலந்தது, அடுத்த முறை வெறும் போர், அதற்கடுத்து வெறும் கேன் என்று மாறிமாறிப் போனால், எதுவும் கலக்காமல் இருப்பதைவிட மோசம். ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயில் வருவதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

8. சூடு. ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடி சின்டெக்ஸிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீரில் கையை வைக்க முடியாது. மழைக்காலக் காலையில் அதே குழாயில் சில்லென்று வரும். தொட்டித் தண்ணீருக்கும் ஊற்றப்போகும் தண்ணீருக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. முதல் நாளே பிடித்து, தொட்டி இருக்கும் அறையிலேயே வாளியை வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. குளோரினும் போகும், சூடும் சமமாகும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு கையைத் தொட்டியிலும் மறு கையை வாளியிலும் விட்டுப் பாருங்கள். வித்தியாசம் கைக்கே தெரிகிறதென்றால், இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

9. தொட்டிக்கென்று ஒரு வாளி, ஒரு மக், ஒரு டியூப். சோப்புத் தூள், ஃபினாயில் எதையும் பார்த்திராதவையாக இருக்கட்டும். பாத்திரம் தேய்த்த கையோடும், கொசு கிரீம் தடவிய கையோடும் உள்ளே கை விடக் கூடாது.

10. கையை நனைக்கும்முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மட்டம் இறங்கியதும் ஃபில்டர் மோட்டார் வெறுமனே ஓடிச் சூடேறும். ஹீட்டர் போட்டிருந்தால், சூடான கண்ணாடி வெளியே தெரியும்போது வெடிக்கவும் கூடும். அணைத்துக் கால் மணி நேரம் கழித்தே தண்ணீரை இறக்குங்கள். ஒயர், பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கிப் பிறகு மேலேறுமாறு இருந்தால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

11. டியூபை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். மீன் தொட்டித் தண்ணீரைக் குடித்த கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது, அது வேறு விஷயம். டியூப் முழுவதையும் தொட்டிக்குள் அமுக்குங்கள். குமிழி வருவது நின்றதும் ஒரு முனையைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்து, வெளியே எடுத்து, தரையிலிருக்கும் வாளிக்குள் இறக்கி விரலை எடுங்கள். தானாக ஓடும். உள்முனையைக் கல்லுக்குச் சற்று மேலே பிடித்தால் மிச்சத் தீனியும் கழிவும் கூடவே வரும். முதல் மாதத்தில் கல்லைக் கிளற வேண்டாம். மேலாக உறிஞ்சினால் போதும். கப்பிக் குட்டிகள் இருந்தால் முனையில் வலைத்துணி கட்டிக்கொள்ளுங்கள்.

12. புதுத் தண்ணீரை வாளியோடு கவிழ்க்காதீர்கள். கல்மேல் ஒரு சின்னத் தட்டை வைத்து, அதன்மேல் மக்கில் மெதுவாக ஊற்றினால் அடிமண் கலங்காது, மீனும் மிரளாது.

13. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தால் ஒரு மாத உழைப்பு சாக்கடையில் போகும். தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தனியே எடுத்து, அதிலேயே இரண்டு பிழி பிழிந்து மாட்டுங்கள். பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். தண்ணீர் மாற்றும் நாளும் ஸ்பாஞ்ச் பிழியும் நாளும் வேறு வேறாக இருப்பது நல்லது. நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். ஆறு வாரக் காத்திருப்பு பாதியாகக் குறையலாம். அவர் தொட்டியில் நோயில்லை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட எனக்கு இந்தத் துண்டின்மேல்தான் நம்பிக்கை.

14. வெள்ளைக் கலங்கலைக் கண்டு பதற வேண்டாம். வேறு வகை பாக்டீரியா திடீரென்று பெருகுவதால் வருவது. தீனியைக் குறைத்தால் சில நாளில் தானே தெளியும். கலங்கல் போக முழுத் தண்ணீரையும் கொட்டினால் அடுத்த வாரம் மறுபடி கலங்கும்.

15. கண்ணுக்குத் தெரியாத விஷத்தைப் பார்க்க அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் வாங்குவது நல்லது. சொட்டு விட்டு நிறம் பார்ப்பது. அலங்காரப் பொம்மைக்குச் செலவழிப்பதை இதில் போடலாம். அம்மோனியாவின் விஷம் தண்ணீரின் பி.எச். அளவையும் பொறுத்தது. பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கொடிய வடிவில் இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் 8 ஆனால் ஆறேழு பங்கு. ஆகவே பி.எச். பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் கடினத் தண்ணீர்க்காரர்கள், அம்மோனியா 0.5 என்று காட்டினாலே அன்றைக்குக் கால் பங்கு மாற்றிவிட வேண்டும்.

16. கிட் இல்லையா? மீனே சொல்லும். மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து காற்று வாங்குவது, செவுள் சிவப்பது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பது. உடனே காற்று மோட்டாரை வேகமாக்கி, தீனியை நிறுத்தி, தயாராக இருக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள், மறுநாளும் ஒருமுறை. இதற்காகவே ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் தயாராக இருக்கட்டும். நைட்ரைட் ஏறியிருந்தால், லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் அயோடின் கலக்காத கல்லுப்பைத் தனியே கரைத்துச் சேர்க்கலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். கோரி வகைக் கெளுத்தியோ செடிகளோ இருந்தால் உப்பு வேண்டாம். கலங்கலுக்கோ மீன் இப்படித் திணறுவதற்கோ, மீன் கடையில் தரும் நீல மருந்தை ஊற்றாதீர்கள். நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது.

17. தீனி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தண்ணீர் மாற்றும் வேலையும் குறையும். ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒரு வேளை, முதல் மாதத்துக்குப் போதும். கொசு மருந்து ஸ்பிரே அடிப்பதென்றால் காற்று மோட்டாரை நிறுத்தி, தொட்டியைத் துணியால் மூடுங்கள். அறைக் காற்றில் இருப்பதைத்தான் மோட்டார் உள்ளே தள்ளும்.

18. வெளியே எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் மணி பிளான்டுக்கும் நல்ல உரம். உப்பு போட்ட தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். வளர்ந்து பெரிதாகிவிட்ட 'டேங்க் கிளீனர்' மீனை ஏரியில் கொண்டுபோய் விடுவதும் கூடாது. நம் ஏரிகளில் அது ஏற்கெனவே பெருகி, வலை போடுகிறவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. கடையில் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

19. நாலு நாள் ஊருக்குப் போகிறீர்களா? கிளம்பும் அன்று அவசரமாகப் பாதித் தண்ணீரை மாற்றாதீர்கள். இரண்டு நாள் முன்னதாக வழக்கமான அளவு மாற்றிவிட்டு, மீன் சரியாக நீந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வளர்ந்த மீன் மூன்று நாலு நாள் பட்டினி தாங்கும். அதற்குமேல் என்றால் பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுக்காமல், ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை வீதம் காகிதத்தில் மடித்து, கிழமை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.