எந்த நாவலை யாருக்குப் பரிந்துரைக்கலாம்?

நாவல் வாசிக்கப் பிடிக்காது என்று சொல்லும் மாணவர் பலர், உண்மையில் ஒரே ஒரு வகை நாவலை மட்டும் தொட்டுப் பார்த்தவர்களாக இருப்பர். முதல் பத்துப் பக்கங்கள் மனத்தில் ஒட்டவில்லை என்றதும் நூலை மூடிவிட்டு, எல்லா நாவல்களும் இப்படித்தான் என்று முடிவு செய்துவிடுவர். ஆனால், நாவல்கள் பல வகைப்படும். ஒவ்வொரு வகையும் வாசகர் மனத்தில் வெவ்வேறு கேள்வியை எழுப்புகிறது. தம் மனத்துக்கு ஏற்ற கேள்வியை எழுப்பும் நாவல் கிடைத்துவிட்டால், வாசிப்பு சுமையாகத் தோன்றாது.

தமிழில் முதல் நாவலாகக் கருதப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அன்று தொடங்கிய தமிழ் நாவல் இன்று பல கிளைகளாகப் படர்ந்துள்ளது. அவற்றுள் ஐந்து வகைகளையும், அவற்றை யாருக்குப் பரிந்துரைக்கலாம் என்பதையும் காண்போம்.

வரலாற்று நாவல்

“இது உண்மையில் நடந்ததா?” என்ற கேள்வியை எழுப்புவது வரலாற்று நாவல். கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ இதற்குச் சிறந்த சான்று. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த இந்நாவல் ஐந்து பாகங்களைக் கொண்டது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு கதை தொடங்குகிறது. ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய ஓலைகளைச் சுமந்து செல்லும் அவன், வழியில் சோழ அரசுக்கு எதிரான சதியை அறிந்துகொள்கிறான்.

இக்கதையில் வரும் குந்தவை, அருள்மொழிவர்மன் போன்றோர் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். இவ்விரண்டையும் பிரித்தறிய முயலும்போது வாசகரே ஓர் ஆய்வாளராக மாறிவிடுகிறார். இராஜராஜனாக முடிசூடிய அருள்மொழிவர்மனின் மகன் இராஜேந்திரன், 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மீது படையெடுத்தான். கடாரம் என்பது இன்றைய கெடா. எனவே, பூஜாங் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்த்த மாணவருக்கு இந்நாவல் கூடுதல் சுவை தரும். ஐந்து பாகங்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. முதல் பாகத்தை மட்டும் எடுத்துத் தொடங்கினால் போதும். அடுத்த பாகத்தைக் கதையே தேட வைத்துவிடும்.

துப்பறியும் நாவல்

“யார் செய்தது? எப்படிச் செய்தார்?” என்று கேட்க வைப்பது துப்பறியும் நாவல். சுஜாதா படைத்த கணேஷ், வசந்த் என்ற இரு வழக்கறிஞர்கள் தமிழ் வாசகர்களிடையே புகழ்பெற்றவர்கள். ‘கொலையுதிர் காலம்’ நாவலில், ஒரு சொத்து விவகாரத்தைக் கவனிக்கச் செல்லும் அவர்கள் விளங்காத நிகழ்வுகளை எதிர்கொள்கிறார்கள். நடப்பவற்றுக்குக் காரணம் பேயா, அறிவியலா என்ற ஐயம் கதை முழுவதும் நீடிக்கிறது.

இவ்வகை நாவலின் வாக்கியங்கள் சிறியவை; உரையாடல்கள் மிகுதி. நீண்ட வருணனைகளைக் கண்டால் சோர்ந்துபோகும் மாணவருக்கு இது நல்ல தொடக்கம். எனினும், சுஜாதாவின் துப்பறியும் கதைகளுள் சில பெரியவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே, இவற்றை மேல்படிவ மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதே பொருத்தம்.

அறிவியல் புனைகதை

“இப்படி நடந்தால் என்ன ஆகும்?” என்று சிந்திக்கத் தூண்டுவது அறிவியல் புனைகதை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்பவரின் சர்வாதிகார ஆட்சியில் கதை நிகழ்கிறது. அங்கே ஒரு தம்பதியர் குழந்தை பெற்றுக்கொள்வதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். போகப் போக அந்த நாய் சொந்தமாகச் சிந்திக்கத் தொடங்குகிறது.

சுஜாதா கற்பனை செய்த எதிர்காலம் 2020களில் அமைந்தது. அதாவது, அவருக்கு எதிர்காலமாக இருந்தது இன்றைய மாணவருக்கு நிகழ்காலம். அவர் கணித்தவற்றுள் எவை நடந்துள்ளன, எவை நடக்கவில்லை என்று பட்டியலிட்டுப் பார்க்கலாம். கணினியிலும் செயற்கை நுண்ணறிவிலும் ஆர்வம் கொண்ட மாணவருக்கு இந்நூலைத் தயங்காமல் கொடுக்கலாம்.

சமூக நாவல்

“இவர்கள் ஏன் இப்படி வாழ நேர்ந்தது?” என்று கேட்பது சமூக நாவல். ஞானபீட விருது பெற்ற அகிலன், மலேசியாவுக்கு வந்து சென்றபின் ‘பால்மரக் காட்டினிலே’ என்ற நாவலை எழுதினார். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையே இதன் களம். இருள் பிரியும் முன் எழுந்து பால்மரம் சீவச் செல்வதும், லயத்து வீடுகளில் குடும்பங்கள் நெருங்கி வாழ்வதும் இன்றைய நகரத்து மாணவர் பலருக்குப் புதிய செய்திகள். ஆனால், அவர்களின் தாத்தா பாட்டிக்கு அதுவே அன்றாட வாழ்க்கையாக இருந்திருக்கலாம். இந்நாவலைப் படித்தபின் வீட்டில் உள்ள மூத்தோரிடம், “நீங்களும் இப்படித்தான் இருந்தீர்களா?” என்று கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த எழுத்தாளர் கண்ட தோட்டமும், அங்கேயே பிறந்து வளர்ந்தவர் நினைவில் உள்ள தோட்டமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று ஒப்பிடலாம்.

போர்க்கால நாவல்

“யாருடைய துன்பம் எழுதப்படாமல் போனது?” என்ற கேள்வியோடு வாசிக்க வேண்டியது போர்க்கால நாவல். இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிலர் நல்ல சம்பளம் என்ற வாக்குறுதியை நம்பிப் போனார்கள். சிலர் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டார்கள். பசி, காலரா, மலேரியா, கடும் உழைப்பு ஆகியவற்றால் பல்லாயிரம் பேர் மாண்டனர்.

அங்கு வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் பலர் நாட்குறிப்புகளையும் நினைவுக் குறிப்புகளையும் விட்டுச் சென்றுள்ளனர். மாண்ட கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு. ஆனால், அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ அத்தகைய தமிழர்களின் துயரத்தைக் கதையாக்கியுள்ளது. வரலாற்று நூல் எண்ணிக்கையைச் சொல்லும். நாவலோ அந்த எண்ணிக்கைக்குள் இருந்த ஒரு தந்தையையும் ஒரு மகனையும் காட்டும். போரைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர், பின்னாளில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை வாசிக்கலாம். மேடான், பினாங்கு போன்ற நகரங்களில் நிகழும் அக்கதையின் நடை சற்றுக் கடினமானது. வாசிப்பில் நன்கு பழகியவருக்கே அது ஏற்றது.

பரிந்துரைக்கும் முறை

ஒரு நாவலைப் பரிந்துரைப்பது, “மிகவும் நன்றாக இருக்கிறது” என்று சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. கேட்பவரின் விருப்பம் என்ன என்பதை முதலில் அறிய வேண்டும். கதை எங்கே, எக்காலத்தில் நிகழ்கிறது, எந்தச் சிக்கலோடு தொடங்குகிறது என்பதைச் சொல்லலாம், முடிவைச் சொல்லக்கூடாது. நூலின் நீளம், நடையின் கடினம் ஆகியவற்றை மறைக்காமல் கூற வேண்டும். தமக்குப் பிடிக்காத பகுதி இருந்தால் அதையும் குறிப்பிடலாம். குறையையும் சேர்த்துச் சொல்பவரின் பாராட்டையே பிறர் நம்புவர்.

ஒரு நாவல் வாசகரைச் சென்றடையாவிட்டால், அதில் பதிந்துள்ள வாழ்க்கையும் மெல்ல மெல்ல மறக்கப்படும். தோட்டத்து லயங்கள் பல இன்று இல்லை. மரண இரயிலிலிருந்து உயிரோடு திரும்பியவர்களும் மறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களின் கதையைத் தாங்கிய நூல்கள் நூலக அடுக்கில் காத்திருக்கின்றன. ஒரு மாணவர் அவற்றுள் ஒன்றைப் படித்துவிட்டுத் தம் நண்பரிடம் கொடுத்தால், அக்கதை இன்னும் ஒருவர் நினைவில் இடம்பெறும்.