வெருவந்த செய்யாமையும் பணியிடக் கொடுமையும்

அலுவலகத்தில் ஒருவரை இழிவுபடுத்துதல், ஒதுக்கி வைத்தல், இயலாத பணியைச் சுமத்துதல் ஆகியவற்றை மேலாளர் ஒருவரின் தனிப்பட்ட குணக்கேடாகவே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். அவை எந்த அளவிற்குத் தலைமையின் படைப்பு என்பதைக் குறள் அதிகாரம் ஒன்றையும் பிரான்சு நாட்டு வழக்கு ஒன்றையும் துணைகொண்டு ஈண்டு நோக்குவோம்.

வள்ளுவர் கொடுங்கோன்மையை அடுத்து வெருவந்த செய்யாமையை வைத்துள்ளார். குடிகள் அஞ்சத்தக்கனவற்றை அரசன் செய்யாதிருத்தல் என்பது இதன் பொருள். காண்பதற்கு அரியனாதல், கடுகடுத்த முகம், கடுஞ்சொல், அளவிறந்த தண்டனை என அவர் சுட்டுவன இன்றைய அலுவலகங்களுக்கும் அயலானவை அல்ல. இறுதிக் குறளிலோ, கடுங்கோல் கல்லாதவரைத் தனக்குத் துணையாகச் சேர்த்துக்கொள்ளும் என்கிறார். கொடுமை தனித்து இயங்குவதில்லை, அதற்குக் கைகள் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

அக்கைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதைப் பிரான்சு டெலிகாம் என்னும் தொலைபேசி நிறுவனத்தில் காணலாம். 2004இல் அரசின் பங்கு பாதிக்கும் கீழே குறைந்தது. எனினும் பணியாளருள் பெரும்பாலோர் அரசு ஊழியர் என்னும் தகுதியுடையோர். எளிதில் நீக்க இயலாதவர். 2006 முதல் 2008 வரை, ஏறத்தாழ 1,20,000 பேருள் 22,000 பேர் வெளியேற வேண்டும், 10,000 பேர் பணி மாற வேண்டும் எனத் தலைமை திட்டமிட்டது. சன்னல் வழியாகவோ வாயில் வழியாகவோ, எப்படியேனும் அவர்களை வெளியேற்றுவதாகத் தலைவர் திதியே லொம்பார் 2006 அக்டோபரில் உயர் அலுவலரிடம் கூறினார். அதன்பின் எவரும் கொடியவராகப் பிறந்திருக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று. மேலாளர்க்குப் பயிற்சி தரப்பட்டது. ஆட்குறைப்பு அவர்தம் ஊதியத்தையும் தொட்டது. (வள்ளுவர் கல்லாதவரைச் சொன்னார், இங்குத் திரண்டவர் கற்றவர்!) விரும்பா இடமாற்றங்களும் தகுதிக்குக் குறைந்த பணிகளும் தொடர்ந்தன. வழக்கில் ஆராயப்பெற்ற 39 பேருள் 19 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்; 12 பேர் அதற்கு முயன்றவர்.

பணியிட மனத்துன்புறுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் அந்நாட்டில் 2002இலேயே வந்துவிட்டது. அதன்படி 2019 டிசம்பரில் பாரிசு நீதிமன்றம் தலைவர் உள்ளிட்டோர்க்குச் சிறைத்தண்டனையும் நிறுவனத்திற்கு 75,000 யூரோ தண்டமும் விதித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்திற்கு இத்தொகை ஒரு பொருட்டன்று. 2022இல் மேல்முறையீட்டில் லொம்பாரின் சிறைத்தண்டனை முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது, குற்றத்தீர்ப்பு நின்றது.

இங்கு நாம் கூர்ந்து நோக்கத்தக்கது, துன்புற்றவரைத் தலைவர்கள் நேரில் அறிந்திருந்தனரா என்னும் வினா. 2025 சனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு விடை தந்தது. பணிநிலையைச் சீர்குலைக்கும் எனத் தெரிந்தே ஒரு கொள்கையை வகுத்து நடத்தினால் அதுவே குற்றம். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் வகுத்தவர் அறிந்திருக்க வேண்டுவதில்லை.